ஜூனியர்களுக்கு எந்தக் கோர்ட் சீரியல்?

கோடை விடுமுறைக்குக் கோர்ட் மூடினால் எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு சாயங்காலம் மூன்று ஜூனியர்களும் வந்துவிடுவார்கள். குமாஸ்தா டீயும் பஜ்ஜியும் வாங்கி வைப்பார். சட்டப் புத்தக அலமாரிக்கு எதிர்ச்சுவரில் புரொஜெக்டரைப் போட்டு ஏதாவது பார்ப்போம். போன வருடம் தேர்வை அவர்களிடமே விட்டேன். நாலு வாரமும் கார் துரத்தல்தான் ஓடியது. அதனால் இந்த வருடம் தலைப்பை நானே கொடுத்துவிட்டேன்: செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்டவர்களின் கதை, அதில் வக்கீல்கள் என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள். நாலு ஞாயிறு, ஞாயிறுக்கு இரண்டு மணி நேரம். ஒரே ஒரு சீரியலுக்குத்தான் இடம்.

என் பட்டியலில் ஐந்து இருந்தன. நாலு அமெரிக்காவில் எடுத்தவை, ஒன்று இங்கிலாந்து. எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கதைகளை உடைத்துத்தான் பேசியாக வேண்டும், முடிவு தெரிந்தால் பார்க்கப் பிடிக்காது என்பவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம்.

சீரியல்களை எடை போட ஒரு படிக்கல் வேண்டும். நான் எடுத்துக்கொண்டது சிகாகோவில் நடந்த ஒரு நிஜ வழக்கு. 1982 ஜனவரியில் அங்கே ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் கொள்ளை நடந்தது, காவலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆல்டன் லோகன் என்பவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அடுத்த மாதம் இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்ற வழக்கில் ஆண்ட்ரூ வில்சன் என்பவன் கைதானான். வில்சனுக்கு அரசு செலவில் ஆஜரானவர்கள் டேல் கவன்ட்ரி, ஜேமி குன்ஸ் என்ற இரண்டு வக்கீல்கள். மெக்டொனால்ட்ஸ் காவலாளியைச் சுட்டதும் நீதானாமே என்று தங்கள் கட்சிக்காரனிடம் கேட்டார்கள். ஆமாம் என்றான்.

இப்போது அந்த இரண்டு வக்கீல்களும் என்ன செய்வது? வெளியே சொன்னால் கட்சிக்காரன் கழுத்தில் இன்னொரு கொலை ஏறும். அதுவும் தங்கள் வாயாலேயே. சொல்லாவிட்டால் சம்பந்தமில்லாத ஒருவன் சிறையில் கிடப்பான். அவர்கள் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, உறையில் ஒட்டி, இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். தான் செத்த பிறகு வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள் என்று வில்சனிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். லோகனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மரண தண்டனை விழுந்திருந்தால் வாயைத் திறந்திருப்போம் என்று பிற்பாடு சொன்னார்கள். 2007 நவம்பரில் வில்சன் சிறையில் இறந்தான். அடுத்த ஜனவரியில் உறை கோர்ட்டுக்கு வந்தது. ஏப்ரலில் லோகன் வெளியே வந்தார். இடையில் 26 வருடம் போயிருந்தது.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் அந்த இரண்டு வக்கீல்களைத் திட்டுவார்கள். எனக்கும் முதலில் ரத்தம் கொதித்தது. ஆனால் அவர்கள் விதியை மீறவில்லை, விதியைக் காப்பாற்றினார்கள். அமெரிக்க மாநிலங்களில் மாசசூசெட்ஸ் மாதிரி வெகு சில மட்டுமே, நிரபராதி ஒருவன் சிறைக்குப் போவதைத் தடுக்கக் கட்சிக்காரனின் ரகசியத்தைச் சொல்லலாம் என்று வக்கீலுக்கு அனுமதி தருகின்றன. நம் ஊரில் பழைய சாட்சியச் சட்டத்தின் 126-வது பிரிவு, இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132, இரண்டையும் புரட்டிப் பார்த்தேன். சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொன்னது, வக்காலத்து போட்ட பிறகு நடக்கும் குற்றம், இவற்றுக்கு விலக்கு இருக்கிறது. உள்ளே கிடக்கும் நிரபராதிக்காக ஒரு விலக்கு கண்ணில் படவில்லை. லோகன் வழக்கு நம் ஊரில் நடந்திருந்தால் அந்த இரும்புப் பெட்டி இங்கேயும் ஒரு பீரோவுக்குள் இருந்திருக்கும்.

ஆக, என் படிக்கல் இதுதான்: கோர்ட்டில் பேசும் பேச்சைக் காட்டுகிறதா, பெட்டிக்குள் கிடக்கும் பேப்பரைக் காட்டுகிறதா?

முதலில் பெர்ரி மேசன். 1957 முதல் 1966 வரை ஓடியது, 271 எபிசோட். கறுப்பு வெள்ளை, நல்ல கோட்டு, ரேமண்ட் பர்ரின் கனத்த குரல். என் தலைமுறையில் பலர் வக்கீலாக ஆசைப்பட்டதே இந்த மாதிரிக் கதைகளைப் படித்துத்தான். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமயோர்கூடச் சிறுவயதில் இதைப் பார்த்துத்தான் ஈர்க்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார். 2009-ல் அவர் நியமனத்துக்காகச் செனட் அவரை விசாரித்தபோது, பெர்ரி மேசன் தோற்ற வழக்கு எது என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அவருக்கு ஞாபகம் வரவில்லை. வராதுதான். தோற்றது அத்தனை அபூர்வம்.

சிக்கலும் அதிலேயே இருக்கிறது. மேசனின் கட்சிக்காரர் எப்போதும் நிரபராதி. உண்மையான கொலைகாரன் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பான், குறுக்கு விசாரணை கொஞ்சம் சூடானதும் அங்கேயே உடைந்து ஒப்புக்கொள்வான். நான் இத்தனை வருடத்தில் பிறழ் சாட்சி பார்த்திருக்கிறேன், மயங்கி விழுந்த சாட்சி பார்த்திருக்கிறேன், கூண்டிலேயே தூங்கிப்போன சாட்சியும் பார்த்திருக்கிறேன். நான்தான் கொன்றேன் என்று எழுந்து நின்றவரை இதுவரை பார்க்கவில்லை. கட்சிக்காரர் எப்போதுமே நிரபராதி என்றால் வக்கீலின் தர்மத்துக்குச் சோதனையே வராது. வேடிக்கை என்னவென்றால், மேசனைப் படைத்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் தானே வக்கீல், 1948-ல் ஒரு பத்திரிகையோடு சேர்ந்து, தப்பாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை மறுபடி கிளற ஒரு குழுவே அமைத்தவர். சீரியலில் வராத உலகம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பஜ்ஜியோடு ஒரு எபிசோட் பார்க்கலாம். நாலு வாரம் கொடுக்க முடியாது.

அடுத்தது தி பிராக்டிஸ். பாஸ்டனில் ஒரு சின்ன கிரிமினல் ஆபீஸ், 1997 முதல் எட்டு சீசன். இதில் எனக்குப் பிடித்தது, கட்சிக்காரர்களில் பாதிப் பேர் நிஜமாகவே செய்தவர்கள். அந்த ஆபீஸுக்குள் பிளான் பி என்று ஒரு சங்கேதச் சொல் உண்டு. தப்பிக்க வேறு வழியில்லை என்றால், ஜூரி முன்னால் வேறு யாரையாவது கை காட்டுவது. அவர் செய்திருப்பார் என்று வக்கீலே நம்பமாட்டார், இருந்தாலும் காட்டுவார். செத்தவரின் கணவர், அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர், யார் அகப்பட்டாலும் சரி. சந்தேகத்தின் பலனை வாங்க இன்னொருவர் மேல் சந்தேகத்தைத் தெளிக்கலாமா என்று ஜூனியர்களைக் கேட்டால் இரண்டு மணி நேரம் சண்டை போடுவார்கள். ஆனால் 168 எபிசோட். எதை எடுப்பது, எதை விடுவது? தவிர, இதில் பாதி நேரம் யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதிலேயே போய்விடும். தள்ளிவிட்டேன்.

மீதி மூன்றில்தான் மண்டை காய்ந்தது.

வென் தே சீ அஸ், 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, நாலே பாகம். 1989 ஏப்ரலில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடப் போன ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயதுக்குள் ஐந்து பையன்கள், கறுப்பினத்தவர் நால்வர், லத்தீன் வம்சாவளியில் ஒருவர், மணிக்கணக்கில் விசாரிக்கப்பட்டார்கள். நால்வர் வீடியோ முன்னால் ஒப்புக்கொண்டார்கள். உடம்பிலிருந்து எடுத்த டிஎன்ஏ ஐவரில் யாருடையதும் இல்லை, அது விசாரணையின்போதே தெரியும். அப்படியும் 1990-ல் தண்டனை. 2002-ல் வேறொரு கைதி, நான் மட்டும்தான் செய்தேன் என்று முன்வந்தான், டிஎன்ஏ அவனுடையதாக இருந்தது. அந்த டிசம்பரில் தண்டனைகள் ரத்தாயின. 2014-ல் நகர நிர்வாகம் 4.1 கோடி டாலர் கொடுத்துச் சமாதானமானது.

முதல் பாகத்தைச் சட்டக் கல்லூரியில் கட்டாயமாகப் போட வேண்டும் என்பேன். தூக்கமில்லாத ஒரு பையன், பக்கத்தில் ஒன்றும் புரியாத அப்பா, அவங்க சொல்றதைச் சொல்லிடு, வீட்டுக்குப் போயிடலாம் என்று அந்த அப்பாவே கெஞ்சுகிறார். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று நம் சட்டம் ஏன் 1872-லேயே எழுதி வைத்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. ஜூனியர்கள் அந்தப் பிரிவை எண்ணாக மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் நாற்காலியையும் ட்யூப் லைட்டையும் பார்த்ததில்லை. நாலாவது பாகம் முழுக்க கோரி வைஸ் என்ற ஒருவரைப் பற்றியது. போலீஸ் தேடிய பட்டியலில் அவர் பெயரே இல்லை, நண்பனுக்குத் துணையாக ஸ்டேஷனுக்குப் போனவர். 16 வயது ஆகிவிட்டதால் பெரியவர்களின் சிறைக்கு அனுப்பினார்கள். சிறுவனாகவும் பெரியவனாகவும் அவராக நடித்த ஜாரெல் ஜெரோமுக்கு எம்மி விருது கிடைத்தது, தகும்.

அப்புறம் ஏன் இதை வைக்கவில்லை? வக்கீல் தர்மம் என்று வரும்போது இது சுலபமான வழியில் போகிறது. அரசுத் தரப்பில் பாலியல் குற்றப் பிரிவின் தலைவராக இருந்த லிண்டா ஃபேர்ஸ்டைனை நிஜப் பெயரோடு வில்லியாக்கிவிட்டார்கள். அவர் அவதூறு வழக்குப் போட்டார். 2024-ல் சமரசம் ஆனது. அவருக்குப் பணம் எதுவும் இல்லை, ஆனால் தப்பாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காக வாதாடும் இன்னசன்ஸ் புராஜெக்ட் அமைப்புக்கு நெட்ஃபிளிக்ஸ் பத்து லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது, கதையில் கற்பனை கலந்திருக்கிறது என்ற அறிவிப்பும் முன்னால் வந்தது. அவர் செய்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு ராட்சசி இருந்ததால் அநியாயம் நடந்தது என்று பார்த்துவிட்டால், ஜூனியர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாம் ராட்சசர் இல்லையே, நமக்கென்ன என்று. பையன்களுக்காக ஆஜரான வக்கீல்கள் வேறு இதில் ஓரமாகத்தான் நிற்கிறார்கள்.

தி நைட் ஆஃப் இந்தக் குறையே இல்லாதது. 2016, எச்பிஓ, எட்டு எபிசோட், எங்கள் எட்டு மணி நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. 2008-ல் பிபிசியில் வந்த கிரிமினல் ஜஸ்டிஸ்தான் மூலம், அதே மூலத்திலிருந்துதான் இந்தியில் பங்கஜ் திரிபாதி வக்கீலாக வந்த தொடரும் எடுத்தார்கள். நியூயார்க்கின் குயின்ஸில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பையன் நாஸ், அப்பாவின் டாக்ஸியை ஒரு ராத்திரி சொல்லாமல் எடுத்துக்கொண்டு போகிறான். ஒரு பெண் ஏறுகிறாள். விடியும்போது அவள் குத்துப்பட்டுக் கிடக்கிறாள். இவனுக்கு எதுவும் ஞாபகமில்லை, பையில் கத்தி இருக்கிறது.

ஸ்டேஷனில் தற்செயலாக அவனைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறார் ஜான் ஸ்டோன். காலில் எக்ஸிமா, ஊறலுக்கு சாப்ஸ்டிக்கால் சொறிந்துகொண்டு, திறந்த செருப்போடு கோர்ட்டுக்கு வருகிற சில்லறைக் கேஸ் வக்கீல். நம் எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ கோர்ட் வாசலில் நின்றால் இவரை அரை மணியில் கண்டுபிடித்துவிடலாம். பையன் என்ன நடந்தது என்று சொல்ல வாயெடுக்கிறான், இவர் தடுக்கிறார். உண்மை எனக்கு வேண்டாம் என்கிறார். பார்க்கிற சாதாரண ஆளுக்கு அது அயோக்கியத்தனமாகப் படும். வக்கீலுக்குத் தெரியும், ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் எதை வாதாடலாம், எதை வாதாடக்கூடாது என்று கை கட்டிக்கொள்ளும். லோகன் வழக்கின் இரண்டு வக்கீல்களும் கேட்டுவிட்டார்கள். ஸ்டோன் கேட்கவே மறுக்கிறார். எது மேல்? எனக்கு இன்றுவரை உறுதியான பதில் கிடையாது.

இதில் ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த டாக்ஸி அப்பாவும் இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து ஓட்டுகிற வண்டி. போலீஸ் அதை வழக்குச் சொத்தாகப் பிடித்து வைத்துவிட்டது. மூன்று குடும்பத்துக்கும் வருமானம் நின்றுவிடுகிறது. வண்டியை எடுக்க வழி என்ன என்று கேட்டால், பையன் மேல் திருட்டுப் புகார் கொடுங்கள் என்கிறார்கள். கொலைக் கேஸில் கிடக்கிற மகன் மேல் அப்பாவே இன்னொரு புகார். நம் கோர்ட்டில் பிடிபட்ட டூவீலரை ரிட்டர்ன் எடுக்க பெட்டிஷன் போட்டவர்களுக்கு இந்தக் காட்சியில் வயிறு பிசையும். வழக்கு என்றால் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதை இவ்வளவு சின்ன இடத்தில் யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

பேரமும் வருகிறது. பெரிய ஃபீஸ் வாங்குகிற ஒரு வக்கீல் விளம்பரத்துக்காக இலவசமாக வழக்கை எடுத்துக்கொள்கிறார். அரசுத் தரப்போடு பேசி, குற்றத்தை ஒப்புக்கொண்டால் 15 வருடம் என்று முடித்து வருகிறார். கூடவே இருக்கும் இளம் வக்கீல் சந்திரா, நீ செய்யலைன்னா ஒத்துக்காதே என்கிறாள். கோர்ட்டில் நின்று, நான் கொல்லவில்லை என்று சொல்லிவிடுகிறான் பையன். பெரிய வக்கீல் வழக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறார். அவன் ரைக்கர்ஸ் சிறையிலேயே விசாரணை முடியும்வரை கிடக்கிறான். தலையை மழித்து, பச்சை குத்தி, போதைக்குப் பழகி, வேறு ஆளாகிறான். கடைசியில் ஜூரி ஆறுக்கு ஆறு என்று பிளவுபடுகிறது, அவனை விட்டுவிடுகிறார்கள். சரியாகப் பார்த்தால் இதில் தப்பான தீர்ப்பே கிடையாது. தீர்ப்புக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் ஏறக்குறைய மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்கள் கதை என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

அரசு வக்கீல் ஹெலன் வைஸ் பாத்திரம் இன்னும் நுட்பம். விசாரணை முடியப்போகும் நேரத்தில், புலனாய்வு அதிகாரியே வேறொருவன் மேல் ஆதாரம் கொண்டுவந்து கொடுக்கிறார். அந்த அம்மாள் கத்தவில்லை, எதையும் கிழித்துப் போடவில்லை. பையன் மேல்தான் நம்மிடம் அதிகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாதத்தை முடிக்கப் போகிறார். நம் பார் கவுன்சில் விதியிலும் இருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று காட்டக்கூடிய எதையும் அரசுத் தரப்பு வக்கீல் மறைக்கக்கூடாது என்று. விதியை மீறுகிறவருக்கு அது மீறலாகவே தெரிவதில்லை என்பதைத்தான் அந்தக் காட்சி காட்டுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரே காரணம் சந்திரா. கதையில் நேர்மையாக வாதாடுகிற ஒரே ஆள் அவள்தான். திடீரென்று கைதியை முத்தமிடுகிறாள், பிறகு அவனுக்காகப் போதைப் பொருளையும் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கேமராவில் மாட்டுகிறாள். கடைசி வாதத்தை ஸ்டோன் பேசவேண்டும் என்பதற்காகக் கதாசிரியர்கள் அவளைப் பலி கொடுத்துவிட்டார்கள் என்பது என் அபிப்ராயம். எங்கள் ஆபீஸில் கடைசியாகச் சேர்ந்த ஜூனியர் ஒரு பெண். "சார், ஏழாவது எபிசோட் வந்ததும் நான் டீ வாங்கப் போயிடுறேன்" என்றாள். அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் எனக்கு உறைத்தது.

மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ். பெயரே ஒரு கேஸ் கட்டின் மேலட்டை மாதிரி இருக்கும். 2024 ஜனவரி முதல் வாரத்தில் இங்கிலாந்தில் ஐடிவியில் நாலு ராத்திரி அடுத்தடுத்து ஓடியது. முழுக்க நிஜம். அங்கே கிராமத்து போஸ்ட் ஆபீஸ்களை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள், ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள். 1999 முதல் அவர்களுக்கு ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறையைக் கொடுத்தார்கள். அது இல்லாத குறையை இருப்பதாகக் காட்டியது. கணக்கில் குறைந்த பணத்தைக் கட்டு என்றது போஸ்ட் ஆபீஸ். கட்ட முடியாதவர்கள் மேல் திருட்டு வழக்கு, பொய்க் கணக்கு வழக்கு. 2015 வரை 900 பேருக்கு மேல் தண்டனை. அதில் சுமார் 700 வழக்குகளைப் போஸ்ட் ஆபீஸே தொடுத்தது. பணம் போனதாகச் சொன்னதும் அதுதான், விசாரித்ததும் அதுதான், கோர்ட்டில் வழக்கு நடத்தியதும் அதுதான்.

ஒரு காட்சி. ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமம். ஜோ ஹாமில்டன் கடையும் போஸ்ட் ஆபீஸும் நடத்துகிறவர். ராத்திரி கடையை மூடிவிட்டு, கணக்கு இரண்டாயிரம் பவுண்ட் குறைகிறது என்று ஹெல்ப்லைனுக்கு போன் போடுகிறார். அந்தப் பக்கத்துக் குரல் இதை அழுத்துங்கள், அதை அழுத்துங்கள் என்கிறது. அழுத்துகிறார். திரையில் குறை அவர் கண்முன்னால் இரட்டிப்பாகிறது. பணம் வைத்திருக்கும் டிராயர் திறக்கவே இல்லை. உங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை வரவில்லையே என்கிறது குரல். தொடர் முழுக்க ஆளாளுக்கு இதே வாக்கியத்தைக் கேட்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்களிடம் தனித்தனியாக, உனக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஹாமில்டன் மேல் 36,000 பவுண்ட் திருடியதாக வழக்கு. திருட்டு என்றால் ஜெயில். பொய்க் கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டு பணத்தையும் கட்டிவிட்டால் திருட்டை விட்டுவிடுகிறோம் என்று பேரம் வருகிறது. அவர் ஒரு பைசா எடுக்கவில்லை. ஒப்புக்கொள்கிறார். ஊர்க்காரர்கள் கோர்ட்டில் வந்து உட்கார்கிறார்கள், பணம் திரட்டித் தருகிறார்கள். இந்த மாதிரி வழக்குகளில், பழியைக் கம்ப்யூட்டர் மேல் போடக்கூடாது என்ற நிபந்தனையும் வைத்தார்கள். அவருக்காக ஆஜரான வக்கீல் தவறான ஆலோசனையா கொடுத்தார்? கையில் இருந்த பேப்பரை வைத்துப் பார்த்தால் எந்த வக்கீலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

நானும் சொல்லியிருக்கிறேன். ஜூனியராக இருந்தபோது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு சைக்கிள் திருட்டுக் கேஸ். ஆள் ஒரு டீக்கடையில் மாஸ்டர். ரிமாண்டில் நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது, ஜாமீனுக்கு ஆள் நிற்க யாருமில்லை. ஒப்புக்கொண்டால் உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு அன்றைக்கே விட்டுவிடுவார்கள். "நான் எடுக்கலை சார்" என்றார். "அது சரிப்பா, இன்னைக்கு வீட்டுக்குப் போகணுமா வேண்டாமா?" என்று கேட்டேன். போனார். சில வருடம் கழித்து வெளிநாட்டு வேலைக்கு போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள் என்று என்னைத் தேடி வந்தார். அப்போது கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன். அவரே டீ மாஸ்டர்.

போஸ்ட் ஆபீஸ் கதைக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் சொன்னது எப்படி இத்தனை பேர் வாக்கை மீறியது? இங்கிலாந்தில் முன்பெல்லாம் கம்ப்யூட்டர் கணக்கைச் சாட்சியமாக வைக்கிறவர், அது சரியாக வேலை செய்தது என்று காட்டவேண்டும். 1999-ல் வந்த ஒரு சட்டம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. அதன் பிறகு கம்ப்யூட்டர் சரி என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும், தப்பு என்று சொல்கிறவர்தான் காட்ட வேண்டும். கிராமத்துக் கடைக்காரர் எதை வைத்துக் காட்டுவார்? நாமெல்லாம், கம்ப்யூட்டர் பதிவைச் சாட்சியமாக வைத்தால் கூடவே கொடுக்கவேண்டிய 65பி சான்றிதழ் எங்கே என்று அப்ஜெக்‌ஷன் போட்டே பழகியவர்கள். இப்போது அது 63-வது பிரிவு. அதை ஒரு வெற்றுச் சடங்கு என்று சலித்துக்கொள்ளும் ஜூனியர்களுக்கு இது நல்ல மருந்து.

பெட்டிக்குள் பேப்பரும் இங்கே இருந்தது. போஸ்ட் ஆபீஸ் தரப்பு வழக்குகளில் நிபுணர் சாட்சியாக வந்தவர், தனக்குத் தெரிந்த கோளாறுகளைக் கோர்ட்டில் சொல்லவில்லை, இது எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று அவர்களுக்காக வேலை செய்த ஒரு பாரிஸ்டரே 2013-ல் எழுத்தில் கொடுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹாமில்டன் உட்பட 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது 2021 ஏப்ரலில்.

அதற்கு நடுவில் சிவில் வழக்கு. தலைப்பில் வரும் மிஸ்டர் பேட்ஸ், அதாவது இதே மாதிரி போஸ்ட் ஆபீஸ் நடத்திய ஆலன் பேட்ஸும் கூட 554 பேரும் சேர்ந்து போட்டார்கள், 2019-ல் ஜெயித்தார்கள். 5.775 கோடி பவுண்ட் சமரசத் தொகை. வழக்குச் செலவுக்கு முதலீடு செய்தவர்களுக்கும் வக்கீல்களுக்கும் போக, பாதிக்கப்பட்டவர்கள் கைக்கு வந்தது சுமார் 1.2 கோடி. இதை ஜூனியர்களிடம் எப்படிப் பேசுவது என்று இன்னும் யோசிக்கிறேன். அந்த முதலீடு இல்லாவிட்டால் வழக்கே இல்லை, அது உண்மை. ஐந்தில் நாலு பங்கு போய்விட்டது, அதுவும் உண்மை.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கோர்ட் காட்சி குறைவு, அனல் பறக்கும் வாதம் ஒன்றுகூடக் கிடையாது. போஸ்ட் ஆபீஸ் தரப்பு வக்கீல்கள் முகமே இல்லாமல் போகிறார்கள், அவர்கள் மனதுக்குள் என்ன ஓடியது என்று தி நைட் ஆஃப் மாதிரி காட்டியிருக்கலாம். சில இடங்களில் கண்ணைக் கசக்க வைக்க ரொம்பவே மெனக்கெடுகிறார்கள். முடிவு பற்றியும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. தொடர் ஓடிய ஐந்தாவது மாதம், 2024 மே 24-ல், நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தது. இருபது வருடமாகக் கோர்ட் வாசலில் நின்றவர்களுக்கு நாலு ராத்திரி டிவி வாங்கிக் கொடுத்தது அது. சந்தோஷம்தான். ஆனால் கோர்ட் கொடுத்த தீர்ப்புகளைச் சட்டசபை ஒரே கையெழுத்தில் அழிப்பது நாளைக்கு வேறு யாருக்கு, எதற்கு முன்மாதிரியாகும்? எங்கள் மூத்த ஜூனியர், நல்லது நடந்தா சரி சார் என்பான். அவனோடு இதில் ஒரு சுற்று சண்டை இருக்கிறது.

ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். நாலு எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள். ஞாயிறுக்கு ஒன்று, மீதி நேரம் பேச்சு. வென் தே சீ அஸ் முதல் பாகத்தை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தி நைட் ஆஃப் பார்க்க விரும்புகிறவர்கள் மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளட்டும், ஏழாவது எபிசோடுக்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

ஹாமில்டன் ஒப்புக்கொள்வதற்கு முந்தைய காட்சியில் புரொஜெக்டரை நிறுத்தச் சொல்லி குமாஸ்தாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள். அந்த அம்மாள் உங்கள் கட்சிக்காரர், கையில் இருப்பது போஸ்ட் ஆபீஸ் கொடுத்த கணக்கு மட்டும், நாளைக் காலை கோர்ட், என்ன சொல்வீர்கள் என்று எழுத வேண்டும். நானும் எழுதுவேன். தாளை யாரும் யாரிடமும் காட்ட வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். நேற்று ராத்திரி என் தாளை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் ஒப்புக்கொள்ளுங்கள் என்றுதான் வந்தது.